பச்சை

நவம்பரில் டுர்க்கு நகருக்கு
மூன்றரை மணிக்கே இருட்டு.
ஔரா ஆற்றின் இக்கரையில் எங்கள் அலுவலகம்,
அக்கரையில் ஆஸ்பத்திரி.
நடுவில் ஒரு பாலம், நடந்தால் ஒன்பது நிமிடம்.
இரண்டு வருடத்தில் ஒருமுறையும் நான் அதைக் கடக்கவில்லை.

மருந்தளவைக் கணக்கிடும் ஜாவா நிரல் எங்களுடையது.
அதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
பொத்தானை அழுத்தினால் பதினோரு வினாடி,
மேலிருந்து கீழ்வரை பச்சை.
அதைப் பார்த்துவிட்டுத்தான்
காபிக்கு எழுந்திருப்பேன்.

தராசு இருப்பது நான்காம் மாடியில்,
குறைமாதக் குழந்தைகள் பிரிவில்.
சோதனைக்காக அதைத் தூக்கிவர முடியாது.
ஆகவே ஒரு போலி செய்தேன், மாக் என்போம்.
எடை என்ன என்று கேட்டால்
"0.9" என்று சொல்லப் பழக்கினேன்.
கிளிப்பிள்ளை.
சுழியம், புள்ளி, ஒன்பது.
தவறாமல் சொன்னது,
தவறென்றால் என்னவென்றே தெரியாமல்.

வியாழன் பின்னிரவு இரண்டு பத்துக்குத் தொலைபேசி.
ரௌனி ஹாபலா, அன்றைய இரவுச் செவிலி.
"புதுத் தராசு மாட்டியிருக்கிறார்கள்.
சாயங்காலத்துக்குள் இந்தக் குழந்தையை
ஒன்பது கிலோ ஆக்கிவிட்டது உங்கள் கணினி.
நான் அதை ஒற்றைக் கையில் ஏந்துகிறேன்.
ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.
காலையில் பாருங்கள்."
குரலில் கோபமில்லை.
அதற்குப்பின் நான் தூங்கவில்லை.

புதுத் தராசு பின்லாந்து வழக்கப்படி எழுதும்:
சுழியம், காற்புள்ளி, ஒன்பது.
எங்கள் நிரலிலோ, ஆயிரங்களைப் பிரிக்கும் குறியென்று எண்ணி
காற்புள்ளியைத் துடைத்தெறிய
யாரோ ஒரு வரி வைத்திருந்தார்கள்.
யாரோ அல்ல. பதிவேட்டில் என் பெயர்.

காலையில் இல்மோ வந்தான்.
ஒன்றும் பேசாமல் அந்த வரியை அழித்துவிட்டு
சோதனைகளை ஓட்டினான். பச்சை.
'விடப் பெரிது' குறியை
'விடச் சிறிது' என்று திருப்பினான். பச்சை.
பெருக்கலை வகுத்தலாக்கியபோதுதான்
இரண்டே இரண்டு அலறின.
"நிரலில் தொண்ணூற்று நான்கு சதவீதம் தொட்டிருக்கிறோமே" என்றேன்.
"தொட்டாய். ஏதாவது கேட்டாயா?" என்றான்.

பச்சைப் பொய் என்பார்களே, இது அதுவுமில்லை.
கேட்ட கேள்விக்கெல்லாம் அவை உண்மையே சொல்லின.

பாலம் கடந்தேன்.
முழங்கைவரை கை கழுவச் சொன்னார்கள், இரண்டு முறை.
தராசு அனுப்பும் எழுத்துகளை
அப்படியே பிடித்து வைத்துக்கொண்டேன்:
காற்புள்ளி, பின்னால் ஒரு வெற்றிடம்,
குழந்தை உதைத்தால் வெறும் கோடு.
கண்ணாடிப் பெட்டிக்குள்
அந்தப் பச்சைக் குழந்தை சிவப்பாக இருந்தது.
பெயர் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

திரும்பி வந்து, நிரலைத் தொடாமல்
முதலில் சோதனையை எழுதினேன்.
அதற்கு வைத்த பெயர் நீளம்:
காற்புள்ளியோடு வரும் எடை பத்து மடங்காகக் கூடாது.
கீழே ஏழு உள்ளீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டம்.
வெறும் கோடு வந்தால் என்ன செய்வது?
சுழியம் என்றான் இல்மோ. முந்தைய எடை என்றேன் நான்.
மதியச் சாப்பாடு ஆறும்வரை சண்டை.
கடைசியில் ரௌனியை எழுப்பினோம்.
"தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லட்டும்," என்றாள்
பாதித் தூக்கத்தில்.
"மறுபடி நிறுத்துக்கொள்கிறோம்."

ஆக, கணக்கிட மறுத்து
விதிவிலக்கை வீசுகிறதா என்று கேட்கவும்
ஒரு சோதனை.

ஓட்டினேன்.
ஏழில் ஆறு சிவப்பு.
புள்ளி வைத்த அந்தப் பழைய 0.9 மட்டும்
தன் பாட்டுக்குப் பச்சை.
திருத்த நாலைந்து வரி போதும், கையிலேயே இருந்தது.
ஆனாலும் உடனே தட்டவில்லை.
வெளியே இருட்டிவிட்டது.
திரையின் சிவப்பு என் விரல்களில் விழ
கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.